ஆற்றங்கரை அரசர்கள்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் எகிப்தின் நார்மர் மன்னனுடைய கற்பலகையைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்கள் மற்றக் கேள்விகளை எல்லாம் பின்னுக்குத் தள்ளிவிட்டன. பாதிக்கு மேல் கமக்காரக் குடும்பங்களில் இருந்து வந்தவை. ஆகவே இந்த முறை பக்கம் முழுக்க ஆற்றங்கரை அரசுகளுக்குத்தான்.

உலகத்தின் முதல் அரசன் யார்? ஒரு புத்தகத்தில் மெனெஸ் என்று இருக்கிறது, ரியூசன் குறிப்பில் சார்கன் என்று இருக்கிறது. எதை எழுதுவது?
– உயர்தர மாணவி, பரந்தன்

தங்கச்சி, அவை இரண்டும் இரண்டு வேறு கேள்விகளுக்கான விடைகள். குறிப்பு எழுதியவர் அவற்றை ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிட்டார்.

தெற்கே இருந்த மேல் எகிப்தும் வடக்கே இருந்த கீழ் எகிப்தும் ஒரே ஆட்சியின் கீழ் வந்தது கி.மு. 3100 அளவில். எகிப்திய அரசர்களை 30 வம்சங்களாகப் பிரித்தவர் மனேதோ என்ற பூசகர். அவர் எழுதியது கி.மு. 3ஆம் நூற்றாண்டில், அதுவும் கிரேக்க மொழியில். அவருடைய பட்டியலில் முதலாவதாக நிற்பவன்தான் மெனெஸ். அவன் நார்மர்தான் என்று பலர் சொல்கிறார்கள், நார்மருக்கு அடுத்து வந்த அஹா என்று சிலர் சொல்கிறார்கள். நார்மர் கற்பலகை ஹையராகொன்போலிஸ் என்ற இடத்தில் 1897-98 தோண்டலில் கிடைத்தது. உயரம் ஏறத்தாழ 64 சென்றிமீற்றர்தான். ஒரு பக்கத்தில் மேல் எகிப்தின் வெள்ளை முடியோடு எதிரியை அடிக்கக் கையை ஓங்கி நிற்கிறான், மறுபக்கத்தில் கீழ் எகிப்தின் சிவப்பு முடியோடு நடந்து போகிறான். இரண்டு முடிகளும் ஒரே ஆளின் தலையில் இருப்பதுதான் அந்தக் கல் சொல்கிற செய்தி.

சார்கன் வந்தது ஏறத்தாழ 750 ஆண்டுகளுக்குப் பிறகு, கி.மு. 2334 அளவில், மெசப்பத்தேமியாவில், அதாவது இன்றைய ஈராக் பக்கத்தில். அவனுக்கு முன்பே அங்கே நகரத்துக்கு நகரம் அரசர்கள் இருந்தார்கள். அங்கே தெற்கில் வாழ்ந்த சுமேரியரின் அரசர் பட்டியல், அரசு என்பது வானத்தில் இருந்து எரிடு என்ற ஊரில் இறங்கியது என்று தொடங்கி, முதல் அரசன் அலுலிம் 28,800 ஆண்டுகள் ஆண்டான் என்று சொல்கிறது. அதை வரலாறாக எடுக்க முடியாது. அந்தப் பட்டியலில் இருப்பவர்களில், பெயர் பொறித்த கற்பாத்திரத் துண்டால் உறுதிப்பட்ட மிகப் பழைய அரசன் கிஷ் நகரத்து என்மெபரகெசி. சார்கன் செய்தது வேறு வேலை. சண்டை பிடித்துக்கொண்டிருந்த நகரங்களை எல்லாம் அடக்கி ஒரே ஆட்சிக்குள் கொண்டுவந்தான்.

ஆக, “முதல் ஒன்றுபட்ட நாட்டு அரசன்” என்று கேட்டால் நார்மர் அல்லது மெனெஸ். “முதல் பேரரசன்” என்று கேட்டால் சார்கன். கேள்வியை இரண்டு தரம் வாசியுங்கள்.

ஆறு இருந்தால் அரசன் வருவான் என்று பிள்ளைகளின் புத்தகத்தில் போட்டிருக்கிறது. நாங்கள் குளத்துத் தண்ணீரைக் கூட்டம் வைத்துப் பங்கிடுகிறோம். எத்தனை ஏக்கர் சிறுபோகம், எந்தத் திகதி துருசு திறப்பது என்று எல்லாம் பேசித்தான் முடிவு. இதற்கு ஏன் ஒரு அரசன் தேவைப்பட்டான்?
– கமக்காரர், முத்தையன்கட்டு

ஐயா, வந்த கடிதங்களில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது உங்களுடையதுதான். இதே கேள்வியை வரலாற்று ஆய்வாளர்களும் பல ஆண்டுகளாகத் தங்களுக்குள் கேட்டு வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கார்ல் விட்ஃபோகல் என்பவர், பெரிய நீர்ப்பாசனத்தைக் கட்டி ஆள ஒரு பலமான நடு அதிகாரம் வேண்டும், அதிலிருந்துதான் கொடுங்கோல் அரசு பிறந்தது என்று அடித்துச் சொன்னார். புத்தகத்தில் இருப்பது அந்தக் கருத்தின் மிச்சம். பின்னால் வந்த அகழ்வாய்வுகள் அதை அப்படியே ஏற்க விடவில்லை. எகிப்தில் வெள்ளம் ஏறும்போது தண்ணீரை வயல் பாத்திகளில் மறித்து வைப்பதும் பிறகு வடிப்பதும் பல நூற்றாண்டுகளாக அந்தந்த ஊர்க்காரர் பார்த்த வேலை. சுமேரிலும் முதல் வாய்க்கால்கள் சின்னவை, ஊரார் தாங்களே வெட்டியவை. அரசன் வருவதற்கு முன்பே தண்ணீர் வயலுக்குப் போய்விட்டது.

சரி, அப்படியென்றால் அரசன் எங்கிருந்து வந்தான்? என் கருத்தில், ஒரு ஊருக்குள் பங்கிடும்வரை கூட்டம் போதும். இரண்டு ஊர் ஒரே வாய்க்காலில் கைவைத்து, கூட்டத்தில் தீராமல் போகிற இடத்தில்தான் ஆள் தேவைப்படுகிறது, ஆயுதமும் தேவைப்படுகிறது.

எங்கள் வயல் வாய்க்காலின் கடைசியில் இருந்தது. சிறுபோகத்தில் மேலே இருப்பவர் ஒரு மணித்தியாலம் கூடுதலாக மடையைத் திறந்து வைத்தாலே எங்களுக்கு மண் நனையாது. அப்பா இரவில் லாம்பைப் பிடித்துக்கொண்டு வாய்க்கால் வரம்பு வழியே மேல்நோக்கி நடப்பார், நான் தூக்கக் கண்ணோடு பின்னால் போவேன். மேலே போனதும் சத்தம், வாக்குவாதம், சில நாளில் மண்வெட்டிப் பிடியும் ஓங்கப்படும். விடிந்ததும் தண்ணீர்ப் பங்கீட்டைப் பார்க்கிற வட்டவிதானையார் வந்து இருவருக்கும் பொதுவாக ஒரு முடிவு சொல்வார், அதோடு அடங்கும். அந்த வட்டவிதானையாரின் சொல்லை ஒரு பக்கம் கேட்காமல் விட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 4,500 ஆண்டுகளுக்கு முன்பு லகாஷுக்கும் உம்மாவுக்கும் நடந்தது அதுதான்.

தெற்கு மெசப்பத்தேமியாவில் அடுத்தடுத்து இருந்த இரண்டு நகர அரசுகள் அவை. இடையில் குஎடின்னா என்ற நல்ல விளைநிலம். உம்மா வாய்க்காலின் மேல்பக்கம், லகாஷ் கீழ்ப்பக்கம். முதலில் மெசலிம் என்ற கிஷ் நகரத்து அரசன் நடுவராக வந்து எல்லையை அளந்து கல் நட்டான். கொஞ்சக் காலத்தில் உம்மாவின் ஆட்சியாளன் அந்தக் கல்லைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் தன் ஆட்களை வயலுக்குள் இறக்கினான். கி.மு. 2450 அளவில் லகாஷின் எயன்னாதும் படையோடு போய் வென்று, வென்றதைக் கல்லில் செதுக்கி வைத்தான். கழுகுக் கல் என்று சொல்கிறார்கள், பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் அதன் உடைந்த துண்டுகள் இருக்கின்றன. கேடயத்தோடு கேடயம் ஒட்டி நிற்கும் படைவரிசையும், செத்தவர்களின் தலையைக் கொத்திக்கொண்டு பறக்கும் கழுகுகளும் அதில் இருக்கின்றன. அந்தக் கல்லின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும், ஏனென்றால் அத்தனை பிணங்களும் ஒரு வயலுக்காகவும் ஒரு வாய்க்காலுக்காகவும் விழுந்தவை.

அதோடும் முடியவில்லை. உம்மா அந்த நிலத்தில் விதைத்ததற்காகத் தரவேண்டிய வாற்கோதுமைக்கு வட்டி ஏறி, ஏறி, அடைக்கவே முடியாத கடனாகப் போனது. உம்மாக்காரர் எல்லை வாய்க்காலின் தண்ணீரைத் திருப்பினார்கள். எயன்னாதுமின் தம்பி மகன் என்மெதெனா மறுபடியும் சண்டை பிடித்து, எல்லை வாய்க்காலைத் தைகிரிஸ் ஆற்றில் இருந்தே இழுத்தான். அவன் சுடுமண் கூம்பில் எழுதி வைத்த விபரத்தில் இருந்துதான் இந்தக் கதையின் பெரும்பகுதி நமக்குத் தெரியும். தகராறு ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் இழுபட்டது. கடைசியில் உம்மாவின் லுகல்சகெசி லகாஷை எரித்தான். பிறகு சார்கன் வந்து அவனையே தோற்கடித்து, கழுத்தில் கட்டை மாட்டி நிப்பூர்க் கோயில் வாசலுக்கு இழுத்துப் போனான். இரண்டு ஊர்களும் பேரரசுக்குள் காணாமல் போயின.

சுமேரிய மொழியில் அரசனுக்குச் சொல் லுகல். லு என்றால் ஆள், கல் என்றால் பெரிய. பெரிய ஆள், அவ்வளவுதான். நம்மூரில் தகராறு என்றால் “பெரியாக்களைக் கூப்பிடுங்கோ” என்று சொல்கிறோமே, அந்தப் பெரிய ஆள் சண்டை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல், ஆயுதத்தையும் கீழே வைக்காமல், தன் மகனையும் அதே இடத்தில் இருத்தினால் அது வம்சம். களஞ்சியமும் அவன் கைக்குப் போய்விட்டால் பிறகு அவனை அசைக்க முடியாது. சுமேரின் ஊருக் நகரத்தில் கிடைத்த உலகின் மிகப் பழைய எழுத்துப் பலகைகளில், கி.மு. 3300 முதல் 3100 வரையான காலத்தவற்றில், பெரும்பாலானவை தானியம், ஆடு, பியர், வேலையாட்களுக்குக் கொடுத்த படி பற்றிய கணக்குகள்தான். எழுத்து பிறந்ததே களஞ்சியத்தில்.

ஒன்று மட்டும் மறந்துவிடக் கூடாது. எகிப்தில் நார்மருக்குச் சற்று முந்தியவன் என்று கருதப்படும் தேள் மன்னனின் கல் தண்டாயுதத் தலை ஒன்று ஒக்ஸ்ஃபோர்ட் அஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் அரசன் கையில் இருப்பது வாள் இல்லை, மண்வெட்டி. முன்னால் ஒருவன் கூடையோடு குனிந்து நிற்கிறான், பக்கத்தில் வாய்க்கால். வாய்க்கால் வெட்டைத் தொடக்கி வைக்கிற சடங்கு என்பது பலருடைய விளக்கம். தான் தண்ணீர் தருபவன் என்று காட்ட வேண்டிய தேவை அந்த அரசனுக்கு இருந்திருக்கிறது.

நைலும் ஆறுதான், யூப்பிரட்டீஸும் ஆறுதான். எகிப்து மட்டும் ஏன் அவ்வளவு காலம் ஒரே நாடாக இருந்தது?
– ஆசிரியை, வவுனியா

வெள்ளம் வருகிற மாதத்தைப் பாருங்கள். நைலில் வெள்ளம் யூலை அளவில் ஏறத் தொடங்கி ஒக்ரோபரில் வடியும். வடிந்ததும் வண்டல் படிந்த ஈர நிலத்தில் விதைக்கலாம். நமக்குக் காலபோக மழை சரியான நேரத்தில் வந்து சரியான நேரத்தில் விட்டால் எப்படியோ அப்படி, ஆனால் பெரும்பாலும் ஒவ்வொரு ஆண்டும். எகிப்தியர் ஆண்டையே வெள்ளம், விளைச்சல், அறுவடை என்று நாலு நாலு மாதமாகப் பிரித்திருந்தார்கள். தைகிரிஸும் யூப்பிரட்டீஸும் மலையில் பனி உருகி ஏப்ரல், மே மாதங்களில் பெருகும். அது வாற்கோதுமை அறுவடைக்கு நிற்கிற நேரம். அறுவடை நேரத்தில் வான் பாய்ந்தால் என்ன பாடு என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆகவே அங்கே தண்ணீரைக் கொண்டுவருவதும் வேலை, தடுப்பதும் வேலை, ஆறு வழி மாறினால் ஊரே கைவிடப்படும்.

அதோடு எகிப்துக்கு இரண்டு பக்கமும் பாலைவனம், எதிரி எளிதில் வர முடியாது. நைல் வடக்கே ஓடுகிறது, காற்றோ வடக்கில் இருந்து தெற்கே வீசுகிறது. போகும்போது நீரோட்டம், திரும்பும்போது பாய். ஒரே ஆற்றில் வள்ளம் விட்டு நாடு முழுக்க ஆளலாம்.

ஆனால் அந்த அரசும் தண்ணீருக்குக் கட்டுப்பட்டதுதான். பலெர்மோக் கல் என்ற பழைய ஆண்டுக் குறிப்பில் ஒவ்வொரு ஆண்டுக்கும் வெள்ளம் எத்தனை முழம், எத்தனை விரல் ஏறியது என்று பொறித்திருக்கிறது. கூஃபு மன்னனின் 146 மீற்றர் பிரமிட்டைக் கட்டிய, “பழைய அரசு” என்று அழைக்கப்படும் அதே ஆட்சி கி.மு. 2200ஐ ஒட்டிய காலத்தில் சிதறியது. வெள்ளம் குறைந்ததும், மாகாண அதிகாரிகள் தாங்களே சிற்றரசர் போல வளர்ந்ததும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. அந்தக் குழப்பக் காலத்தில் தெற்கே ஆண்ட அன்ஹ்டிஃபி, மேல் எகிப்து முழுக்கப் பட்டினி, ஆனால் என் மாவட்டத்தில் ஒருவரையும் பட்டினியால் சாக விடவில்லை என்று தன் கல்லறையில் எழுதி வைத்திருக்கிறான். பாரோ என்ற சொல்லுக்குப் பொருள் பெரிய வீடு. சோறு போட முடியாத பெரிய வீட்டை யாரும் மதிக்க மாட்டார்கள்.

ஹம்முராபி சட்டத்தில் வரம்பு உடைந்தால் தண்டனை உண்டாமே?
– வாசகர், மல்லாவி

உண்டு. பபிலோன் அரசன் ஹம்முராபியின் 282 சட்டங்களில் 53இல் இருந்து 56 வரை தண்ணீர் பற்றியவைதான். தன் பக்கத்துக் கரையைப் பலப்படுத்தாமல் சோம்பேறித்தனமாக விட்டு, அது உடைந்து மற்றவர் வயல் அழிந்தால், அழிந்த தானியத்தை அவன் கொடுக்க வேண்டும். கொடுக்க வழியில்லாவிட்டால் அவனையும் அவன் பொருளையும் விற்று, வந்த காசை வயலை இழந்தவர்கள் பங்கிட்டுக்கொள்வார்கள். பாய்ச்சத் திறந்துவிட்டுக் கவனிக்காமல் போய் அயல் வயலை மூழ்கடித்தவனும் தானியம் அளக்க வேண்டும்.

ஆளை விற்பது கொடுமை, அதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை. ஆனால் இழப்பீடு அரசனின் களஞ்சியத்துக்குப் போகாமல் வயல்காரனுக்கே போகிறது என்பதைக் கவனியுங்கள். கி.மு. 1792 முதல் 1750 வரை ஆண்ட ஹம்முராபி தன் 33ஆம் ஆட்சியாண்டுக்கு வைத்த பெயரே ஒரு வாய்க்காலை வெட்டியதைப் பற்றியது. அந்த வாய்க்காலின் பெயர் “ஹம்முராபியே மக்களின் வளம்”.

சிந்துவெளியில் அரசன் பெயர் ஒன்றுமே இல்லையே, ஏன்? அது தமிழர் அரசு என்று சொல்லலாமா?
– வாசகர், நானாட்டான்

சிந்துவெளியில் பெரிய அரண்மனை என்று உறுதியாகச் சொல்லக்கூடிய கட்டடம் இல்லை, எகிப்து போல அரசர் கல்லறை இல்லை, எதிரியை அடிக்கும் அரசனின் சிலை இல்லை. மொகஞ்சதாரோவில் கிடைத்த, பூசக அரசன் என்று அழைக்கப்படும் சிலை பதினேழரைச் சென்றிமீற்றர் உயரம்தான். அந்தப் பெயரும் தோண்டியவர்கள் வைத்தது. ஆனால் கி.மு. 2600 முதல் 1900 வரை, எத்தனையோ நூறு மைல் இடைவெளியில் உள்ள ஊர்களில், செங்கல் ஒரே விகிதம், நிறைகல் ஒரே கணக்கு. வீட்டுக் கழிவுநீர் மூடிய வாய்க்காலில் போகிறது. தோலாவிராவில் பாறையை வெட்டியும் கல் அடுக்கியும் கட்டிய பெரிய நீர்த்தேக்கங்கள். யாரோ ஒழுங்கு வைத்திருக்கிறார்கள், தன் முகத்தைக் கல்லில் செதுக்காமல் வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்த நாகரிகத்தில் ஆகப் பிடித்தது அதுதான்.

மொழி விடயத்துக்கு வருகிறேன். திராவிட மொழியாக இருக்கலாம் என்று ஐராவதம் மகாதேவனும் அஸ்கோ பர்போலாவும் வலுவான வாதங்களை வைத்தார்கள். நானும் அந்தப் பக்கம்தான் சாய்கிறேன். ஆனால் எழுத்து இன்னும் வாசிக்கப்படவில்லை. வாசிக்கும்வரை “தமிழர் அரசு” என்று மேடையில் முழங்குவது அந்த அறிஞர்களின் பொறுமையான உழைப்புக்குச் செய்கிற அநியாயம். சார்கன் தன் துறைமுகத்தில் மெலுஹாவின் கப்பல்கள் வந்து கட்டின என்று பெருமைப்பட்டான். மெலுஹா என்றது சிந்துவெளியைத்தான் என்று பெரும்பாலானோர் கொள்கிறார்கள். சூ-இலிசு என்ற ஒருவனின் உருளை முத்திரை லூவரில் இருக்கிறது, அவன் தொழில் “மெலுஹா மொழிபெயர்ப்பாளன்”. ஆகவே மெலுஹாவின் மொழி சார்கன் நாட்டு அக்காட் மொழியில் இருந்து வேறானது என்பது மட்டும் தெளிவு.

சீனாவில் முதல் வம்சம் எது?
– சாதாரண தர மாணவன், ஒட்டுசுட்டான்

மரபுப்படி சியா. அதைத் தொடக்கியவன் யூ. அவன் தகப்பன் குன் மஞ்சள் ஆற்று வெள்ளத்தை அணை கட்டி மறிக்கப் பார்த்து ஒன்பது ஆண்டு தோற்றான். யூ மறிக்காமல் வழி வெட்டிக் கடலுக்கு விட்டான். பதின்மூன்று ஆண்டுகள் தன் வீட்டு வாசலைக் கடந்து போயும் உள்ளே போகவில்லை என்பார்கள். ஆனால் சியா காலத்து எழுத்து எதுவும் இதுவரை கிடைக்கவில்லை தம்பி. எழுத்துச் சான்றோடு நிற்பது அடுத்த வம்சமான சாங். 1899இல் அடையாளம் காணப்பட்ட குறிகேட்கும் எலும்புகளில் இருந்த அரசர் பெயர்கள், கி.மு. 100 அளவில் சிமா சியன் என்ற வரலாற்றாசிரியர் எழுதிய பட்டியலோடு பெரும்பாலும் பொருந்திவிட்டன. சாங் முடிந்தது கி.மு. 1046 அளவில்.

வன்னியிலும் ஆறுகள் ஓடுகின்றன. இங்கே ஏன் அப்படி ஒரு நாகரிகம் எழவில்லை?
– வாசகி, முழங்காவில்

கனகராயன் ஆறு, பேராறு, பாலியாறு, பறங்கியாறு எல்லாம் மாரியில் ஓடிக் கோடையில் மணலாகிற ஆறுகள். நைலைப் போலத் தூரத்து மலையில் இருந்து ஆண்டு தவறாமல் வண்டல் கொண்டுவருபவை அல்ல. இங்கே மனிதர் இல்லாமல் இல்லை, இரணைமடுப் பக்கத்து மண்படிவிலேயே பழைய கற்காலக் கருவிகள் கிடைத்திருக்கின்றன. ஓடுகிற தண்ணீரை நம்ப முடியாத இடத்தில் நிறுத்தி வைத்த தண்ணீரை நம்பினார்கள். ஒரு குளம், ஒரு வயல்வெளி, ஒரு ஊர். அருவி ஆற்றை மறித்துத் திருப்பிக் கட்டுக்கரைக்குளத்துக்கு விட்டது போன்ற பெரிய வேலைகளும் உண்டு, ஆனால் பெரும்பகுதி சின்னக் குளங்கள்தான். குளத்தின் அளவுக்குத்தான் அதிகாரமும் வளரும் என்பது என் எண்ணம். பனங்காமம் போன்ற வன்னிமைகள் என்ற சிற்றரசுகள் பற்றுப் பற்றாக இருந்ததையும், காட்டுக்கு நடுவே பெரிய அரசுகளுக்கு நீண்ட காலம் முழுதாக அடங்காமல் நின்றதையும், 1803இல் பண்டார வன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையில் இருந்து ஆங்கிலேயரை விரட்டியதையும் இதோடு சேர்த்துப் பார்க்கிறேன். இது குறை என்று நான் நினைக்கவில்லை.

அப்பப்பாவின் தோட்டத்துக் கிணற்றில் துலா இருந்தது. எகிப்திலும் அது இருந்தது என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், தர்மபுரம்

உண்மை. அங்கே அதற்கு ஷாதூஃப் என்று பெயர். சார்கன் வம்சத்துக் காலத்து முத்திரைகளிலேயே அதன் உருவம் இருக்கிறது. எகிப்தில் “புதிய அரசு” என்ற பிற்காலத்துக் கல்லறை ஓவியங்களில், இபுய் என்ற சிற்பியின் கல்லறையில் உள்ளதில், ஒருவன் தோட்டத்துக்கு இறைக்கிறதை அப்படியே பார்க்கலாம். ஆடுகால், துலா, கயிறு, முனையில் வாளி, எல்லாம் நம்முடையது போலத்தான். ஒரு வேறுபாடு: அவர்கள் மறுமுனையில் களிமண் கட்டியைப் பாரமாக வைத்தார்கள். நம்முடைய பெரிய துலாவில் ஆள் ஏறி மிதித்தார், கீழே ஒருவர் பட்டை பிடித்தார். உங்கள் அப்பப்பா எதைச் செய்தார் என்று வீட்டில் கேட்டு எழுதுங்கள்.